சிறைக்குள் சக கைதி தாக்கினால் இழப்பீடு: வாசகர் கேள்விகள்

விசாரணைக் கைதியான என் மகனை மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) போனேன். தலையில் எட்டுத் தையல். மூன்று பேர் அடித்ததாகச் சொல்கிறான். ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் நாள் கடத்தாதீர்கள். அடுத்த வாய்தாவில், வீடியோ கான்பரன்சிங் ஆனாலும் சரி, நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் உங்கள் மகனே வாய்விட்டுச் சொல்லட்டும். அதே நாளில், வெளியே அரசு மருத்துவமனையில் பரிசோதிக்க உத்தரவு கேட்டு வக்கீல் மனு போட வேண்டும். அங்கே டாக்டர் கேட்டதும் எத்தனை பேர், எதால், எந்த பிளாக்கில் அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) ஏறும் அந்த இரண்டு வரிதான் பிறகு வழக்கைத் தாங்கும். முன்கையிலும் உள்ளங்கையிலும் வெட்டு இருந்தால் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அவை அடியைத் தடுக்கும்போது விழுபவை. ‘வழுக்கி விழுந்தார்’ என்ற கதையோடு ஒட்டாது.

கேமரா பதிவு அடுத்த அவசரம். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவின் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதிவு அழிந்துபோகலாம். எனவே தேதி, நேரம், பிளாக் குறிப்பிட்டு, பதிவைப் பத்திரப்படுத்தக் கோரி, சிறைக் கண்காணிப்பாளருக்கு, டெலிவரி ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். ஆர்.டி.ஐ. அதற்கப்புறம். 18 மாதம் பதிவை வைத்திருக்க வேண்டும் என்ற 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பலரும் காட்டுகிறார்கள். அது போலீஸ் ஸ்டேஷன்களைப் பற்றியது, சிறைகளைப் பற்றியதல்ல.

அடித்தது இன்னொரு கைதி. அரசு ஏன் பணம் தர வேண்டும்?

பூட்டிவைத்தது அரசு என்பதால். உத்தரப் பிரதேசத்தில் தண்டனைக் கைதி ஒருவரைச் சிறைக்குள் சக குற்றவாளி கொன்ற வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆந்திராவின் கோயில்குண்ட்லா கிளைச் சிறையில் 1977-ல் வெளியாட்கள் குண்டு வீசியதில், உள்ளே அடைக்கப்பட்டிருந்த தந்தை இறந்தார், மகன் காயமடைந்தார். ஆபத்து இருப்பதாக முன்கூட்டியே சொல்லியிருந்தும் காவலைப் பலப்படுத்தவில்லை. ‘இது இறையாண்மைப் பணி (அரசு மட்டுமே செய்யும் ஆட்சிப் பணி), எங்கள்மேல் பொறுப்பில்லை’ என்ற அரசின் வாதத்தை 2000-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அதற்காக அடிபட்டாலே பணம் என்று எண்ண வேண்டாம். எதிர்க் கோஷ்டி இருப்பது தெரிந்தும் ஒரே பிளாக்கில் போட்டார்களா? பயம் என்று எழுதிக்கொடுத்த மனு கிடப்பில் கிடந்ததா? தீட்டிய ஸ்பூனும் பிளேடும் சோதனையில் எப்படித் தப்பின? சத்தம் கேட்டு வார்டர் (சிறைக் காவலர்) வர எவ்வளவு நேரமானது? இவற்றில் ஒன்றையாவது ஆவணத்தோடு காட்டாத மனு பெரும்பாலும் நிற்பதில்லை.

எங்கே போவது? காலக்கெடு என்ன?

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் விசாரிக்க மாட்டார்கள். இழப்பீடு தரச் சொல்லி ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. அதே விஷயத்தில் நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆணையம் புகாரை முடித்துவிடலாம். எது முதலில் என்று யோசித்துப் போடுங்கள்.

உண்மைகள் ஆவணத்திலேயே தெளிவாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு). யார் அடித்தார், எப்படி என்பதே சர்ச்சை என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே வழக்குக்கு முன் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-ன்படி அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பொதுவாக மூன்று வருடக் கெடு என்றாலும், ஒரு வருடம்தான் என்று அரசுத் தரப்பு வாதிட வாய்ப்புண்டு. ஆகவே ஒரு வருடத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

வக்கீல் ஃபீஸ்?

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசம்.

கேஸ் போட்டால் உள்ளே மறுபடி அடிப்பார்களே?

நியாயமான பயம். இழப்பீடு கேட்கும் அதே மனுவில் பாதுகாப்புக்கான இடைக்கால உத்தரவையும் கேளுங்கள். முதலில் பிளாக் மாற்றம். அது போதாதபோது வேறு சிறை. எடுத்த எடுப்பில் தூரச் சிறைக்கு மாற்றிவிட்டால் நீங்கள் மனு பார்க்கப் போவதே குறைந்துவிடும், புதுக் காயம் வந்தாலும் யார் கண்ணிலும் படாது.