மகள் கேட்பது உணவுப் பட்டியல் எழுதும் வேலை அன்று

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டில் படிக்கும் மகள், கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் தேவைப்படும் தாதுச்சத்துகளைப் பற்றி ஆராயப் போவதாக உறுதியுடன் நிற்பதையும், “இதையெல்லாம் எப்போதோ கண்டுபிடித்து முடித்திருப்பார்களே” என்று உறவினர் கேட்டதற்குத் தங்களால் பதில் சொல்ல இயலாமல் போனதையும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு இரும்புச்சத்து வேண்டும்? அமெரிக்கப் பரிந்துரை 11 மில்லிகிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட இந்தியப் பரிந்துரை 3 மில்லிகிராம். இரண்டையும் தந்தவர்கள் தேர்ந்த அறிஞர்களே. தாயின் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு எவ்வளவு, வளர்ச்சிக்கு எவ்வளவு செலவாகிறது, உண்டதில் எத்தனை விழுக்காடு குடலில் உறிஞ்சப்படுகிறது என்பவற்றை அவரவர் கணித்த விதம் வேறுபட்டதால் விடையும் வேறுபட்டது. தங்கள் மகள் ஆராய விரும்புவது இந்த வேறுபாட்டுக்குள் இருக்கும் கேள்விகளைத்தான்.

கூடுதலாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் விட்டுவிட முடியாது. மலேரியா பரவியிருந்த தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் நாள்தோறும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததும் இறப்புகளும் அதிகரித்ததாக 2006-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு சத்தின் அளவைச் சரியாக அறிவது உயிர் சார்ந்த பொறுப்பு என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் காட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21 காலத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றது. அதற்குச் சற்று முன்னர் 2016–18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளவர்களில் சுமார் 41 விழுக்காடு என்றது. வயது வரம்பு சற்று மாறுவது ஒரு காரணம். குடும்பநல ஆய்வில் விரல் நுனியிலோ குதிகாலிலோ குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தைக் கையடக்கக் கருவியில் சோதித்தார்கள். ஊட்டச்சத்து ஆய்விலோ இரத்த நாளத்தில் ஊசியேற்றி எடுத்த இரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்பது மற்றொரு காரணம். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். ஒரு நாட்டின் சத்துணவுத் திட்டங்கள் இத்தகைய எண்களின் மேல் நிற்கின்றன என்பதால், அளவீட்டில் நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை தீர்ந்துபோகாது.

இனி அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். பெற்றோர் பலர் மருத்துவமனையில் நோயாளிக்கு உணவுப் பட்டியல் எழுதுவதோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆய்வாளரின் வேலை வேறு. காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுக்குப் போய், குழந்தைக்கு ஊட்டப்போகும் கேழ்வரகுக் கூழைக் கிண்ணத்தோடு எடைபோட வேண்டும். ஊட்டி முடித்த பின் மீந்ததையும், கழுத்தில் கட்டிய துணியில் வழிந்ததையும் எடைபோட்டுக் கழித்தால்தான் உண்மையில் உள்ளே போனது எவ்வளவு என்று தெரியும். அப்படியும், கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் என்னும் சேர்மம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதால், போனதெல்லாம் உடலில் சேர்ந்ததாகாது. சேர்ந்த இரும்பு எவ்வளவு என்றறிய, இரும்பின் கதிரியக்கமற்ற நிலையான ஐசோடோப்பை, அதாவது எடையில் சற்று மாறுபட்ட இரும்பணுக்களை, உணவில் கலந்து ஊட்டி, இரண்டு வாரம் கழித்துச் சிவப்பணுக்களில் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகை ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றது. துத்தநாகமென்றால் இன்னும் கவனம் வேண்டும்: சாதாரண இரத்தக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்துகூடத் துத்தநாகம் கசிந்து முடிவைக் கெடுத்துவிடும். பொறுமையும் சுத்தமும் இயல்பாகவே உள்ள பெண்ணுக்கு இது ஏற்ற துறை. தங்கள் மகளின் ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாலே ஓரளவு விளங்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, உயிர்வேதியியல் அடித்தளம் இருப்பது நல்லதாயிற்று. எம்.எஸ்சி.யில் உயிர்வேதியியலையே தொடரலாம். அல்லது உணவு அறிவியல், ஊட்டச்சத்துத் துறைக்கு மாறலாம். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இத்துறையில் நெடிய மரபு கொண்டது. ஐதராபாத் நிறுவனம் பயன்பாட்டு ஊட்டச்சத்தில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. 1918-இல் குன்னூரில் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஒரு சிறு ஆய்வகமாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்ததுதான் அந்நிறுவனம். எந்த வழியில் போனாலும் புள்ளியியலை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. என்னிடம் வந்த முனைவர் பட்ட மாணவர்கள் பலர் தடுமாறியது அங்கேதான்.

காலத்தையும் பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். முதுகலை இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் நான்கிலிருந்து ஆறு ஆண்டு. தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும், முதலிரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாயும், அவற்றோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு. அது கிடைக்காவிட்டால் திட்டப்பணியாளராகச் சேரலாம், ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆகவே முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே நெட் தேர்வு எழுதத் தொடங்குவது நல்லது. பின்னாளில் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுப் பிரிவுகள், உணவுப் பரிசோதனைக் கூடங்கள், யுனிசெஃப் போன்ற அமைப்புகள் எனப் பல வாசல்கள் உள்ளன. அவற்றுள் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதையும் மகள் அறிந்தே இறங்க வேண்டும்.

ஒன்றை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். குழந்தை உணவு நிறுவனங்களின் பணம் இத்துறையின் ஓரத்திலேயே காத்திருக்கும். 1992-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்கள் குறித்த சட்டம், அந்நிறுவனங்கள் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஆய்வு நிதியோ உதவித்தொகையோ தருவதையே தடைசெய்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய ஆய்வுகளுக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் தவறில்லை. நல்ல நெறியாளர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

திருமணத்தைப் பற்றிய தங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அதை முன்வைத்து முதுகலைப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த இரண்டு ஆண்டுகளில் அவளுக்கே தன் மனம் தெளிவாகும். தேர்வு முடிந்த மறுவாரம் மகளை அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு, தான் படித்து வியந்த ஏதேனும் ஓர் ஆய்வுக் கட்டுரையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் எந்த வரி அவளைப் பிடித்து நிறுத்தியது என்று கேட்டறிந்த பின், விண்ணப்பிக்க வேண்டிய இடங்களை மூவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.