தனிமத்தைப் பிரிக்க முடியாது என்கிறார்கள், அணுவைப் பிளக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

கேட்டவர் படித்திருப்பது இரண்டு வாக்கியங்கள்: "தனிமம் என்பது மேலும் பிரிக்க முடியாத பொருள்", "அணுவைப் பிளக்க முடியும்". இரண்டும் சரிதான். ஆனால் இந்த இடத்தில் நானும் வெகுநாள் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது: "வேதிமுறையில்" பிரிக்க முடியாத பொருள். சூடாக்கினாலும், அமிலத்தில் போட்டாலும், மின்சாரம் செலுத்தினாலும் அதைவிட எளிய பொருளாக உடையாது. அணுவைப் பிளப்பது என்றால் அதன் நடுவிலுள்ள அணுக்கருவைப் பிளப்பது, அது வேதிவினை இல்லை.

இந்த வரையறையில் ஒரு பலவீனமும் உண்டு. நம் கையில் என்ன கருவி இருக்கிறதோ, அதைப் பொறுத்து பதில் மாறிவிடும். 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வெளியிட்ட பட்டியலில் 33 தனிமங்கள் இருந்தன. சுண்ணாம்பும் அதில் ஒன்று, ஒளியும் ஒன்று! சுண்ணாம்பு ஒருநாள் பிரிந்துவிடும் என்று அவருக்கே சந்தேகம் இருந்தது, பிரிக்கத்தான் அன்று வழியில்லை. 1808இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அதில் மின்சாரம் செலுத்தினார். பாதரசத்தோடு கலந்து ஓர் உலோகம் வந்தது. பாதரசத்தை ஆவியாக்கியதும் மிஞ்சியது கால்சியம்.

இன்றைய வரையறைக்கு இந்தச் சிக்கலே இல்லை. அணுக்கருவில் எத்தனை புரோட்டான் (நேர்மின் துகள்) என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். 20 இருந்தால் கால்சியம். 79 இருந்தால் தங்கம், ஒன்று கூடி 80 ஆனால் பாதரசம். கருவிலேயே இருக்கும் மின்னூட்டமில்லாத துகளான நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தனிமம் மாறாது, அதே தனிமத்தின் இன்னொரு ஐசோடோப்பு என்போம். இப்படி எண்ணி இதுவரை 118 தனிமங்களை அறிந்திருக்கிறோம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு உண்மையில் தெளிவு வந்தது அதில்தான். எலும்பில் கால்சியம் இருக்கிறது என்று படிக்கிறோம். ஆனால் கால்சியம் உலோகத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள் (பாதுகாப்பாக, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது): குமிழ் குமிழாக ஹைட்ரஜன் கிளம்பும், தண்ணீர் பால்போல வெளுக்கும். நம் உடம்போ பெரும்பாலும் தண்ணீர். அப்படியானால் எலும்பு எப்படிச் சும்மா இருக்கிறது?

எலும்பில் இருப்பது அந்த உலோகம் இல்லை. அங்குள்ள ஒவ்வொரு கால்சியம் அணுவும், கருவுக்கு வெளியே இருக்கும் எலக்ட்ரான்களில் இரண்டை இழந்துவிட்டது. 20 இருந்த இடத்தில் 18தான். குணம் அடியோடு மாறிவிட்டது, ஆனால் கருவில் அதே 20 புரோட்டான், அதனால் பெயரும் அதே. ஆக, "கால்சியம்" என்ற ஒரே சொல்லை உலோகத்துக்கும் சொல்கிறோம், எதில் சேர்ந்திருந்தாலும் அந்த வகை அணுவுக்கும் சொல்கிறோம். பாடம் நடத்தும்போது இதை முதல் நாளே பிரித்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. இனி ஒரு தனிமத்தின் பெயரைப் பார்த்தால், இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு கால்சியம் அணுக்கருவை இரண்டாகப் பிளந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 20 புரோட்டானும் இரண்டு துண்டுக்கும் பங்காகிவிடும். எந்தத் துண்டிலும் 20 இருக்காது, எனவே இரண்டில் எதுவும் கால்சியம் இல்லை.