‘டக்’ சத்தம் வந்தாச்சா? ரைஸ் குக்கர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் ரைஸ் குக்கரில் செய்யும் வெஜிடபிள் பிரியாணிக்கும் வெண்பொங்கலுக்கும் குறிப்பு கொடுத்தாலும் கொடுத்தேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் நன்றாக வந்தது என்கிறார்கள், மீதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: அக்கா, நீங்கள் சொன்னபடியே பிரியாணி போட்டேன். பத்தே நிமிடத்தில் டக்கென்று ஸ்விட்ச் மேலே ஏறிவிட்டது. திறந்து பார்த்தால் மேலே அரிசி நறுக் நறுக்கென்று கடிபடுகிறது, அடியில் கருகல். திரும்ப அழுத்தினால் ஸ்விட்ச் கீழே நிற்கவே இல்லை. கடைசியில் ஸ்விட்சுக்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சியை முட்டுக் கொடுத்து ஒருவழியாக வேகவைத்தேன். பழுது குக்கரிலா, குறிப்பிலா? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: குறிப்பில்தான். முக்கியமான இரண்டு வரிகளை விட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்தக் குச்சியை முதலில் குப்பையில் போடுங்கள் அம்மா. அந்த ஸ்விட்ச்தான் குக்கர் தீப்பிடிக்காமல் காப்பாற்றுகிறது, அதற்கே முட்டுக் கொடுத்தால் எப்படி?

உள்பாத்திரத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். சூடேறும் தட்டின் நடுவில், ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போய் வரும். சாதாரணக் குக்கரில் அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறவரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தண்ணீர் சுண்டியதும் சூடு விறுவிறுவென்று ஏறும், 100-ஐச் சில டிகிரி தாண்டியதும் அந்தக் காந்தம் பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ளும், டக். அரிசி வெந்ததா வேகவில்லையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அடி காய்ந்துவிட்டதா இல்லையா, அது மட்டும்தான் தெரியும்.

இப்போது உங்கள் பிரியாணிக்கு வருவோம். வதக்கிய வெங்காயம், தக்காளி, தயிர், மசாலா எல்லாம் கெட்டியாக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அது ஒரு கம்பளி மாதிரி. கீழிருந்து வரும் சூடு மேலே தண்ணீருக்குப் போகாமல் அங்கேயே தங்கி, மசாலா கருகி, அடி மட்டும் சூடேறி, குக்கர் ஏமாந்துவிட்டது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். மசாலாவை அடுப்பில் வாணலியில் எண்ணெய் பிரியும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் ஊறி வடித்த பாஸ்மதி அரிசி இரண்டு கப்பை முதலில் குக்கரில் போட்டு, தயிரும் தண்ணீருமாகச் சேர்த்து இரண்டரைக் கப் ஊற்றி, உப்புப் போட்டு ஒரு கலக்குக் கலக்குங்கள். வதக்கிய மசாலாவையும் காய்களையும் அதன் மேலே பரப்பிவிட்டு மூடிவிடுங்கள். கிளறவே கூடாது. டக் சத்தம் வந்த பிறகு 15 நிமிடம் திறக்காமல் விட்டு, அப்புறம் புதினாவைத் தூவி அடியிலிருந்து புரட்டினால் போதும்.

இன்னொன்று, அந்த நடு வட்டத்தின் மேலோ பாத்திரத்தின் அடியிலோ ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என் வீட்டில் ஒரு வாரம் சாதம் ஒரு பக்கம் குழைந்தும் மறுபக்கம் விறைத்தும் வந்தது. புதுக் குக்கரே வாங்கலாம் என்று கிளம்பிய அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, தட்டில் ஒட்டிக் கருகிப்போன ஒற்றைப் பச்சைப்பயறு.

கேள்வி: உங்கள் வெண்பொங்கல் கஞ்சியாகிவிட்டது. குக்கர் மூடி வழியாகப் பொங்கி வழிந்து மேசையெல்லாம் நாசம். “ஒரு கப் அரிசி, அரைக் கப் பாசிப்பருப்பு, ஐந்து கப் தண்ணீர்” என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். (யீஷூன் வாசகர்)

பதில்: அரிசியைக் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பில் அளந்து, தண்ணீரை வீட்டில் இருக்கும் பெரிய குவளையில் அளந்திருப்பீர்கள். சரிதானே? அந்தப் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. ஜப்பானியர்கள் அரிசி அளக்கிற பழைய ‘கோ’ என்ற அளவு அது. கேக் செய்ய வாங்கிய அளவுக் கப் 250 மில்லி. ஐந்து கப் என்றால் 900 மில்லி ஊற்றவேண்டிய இடத்தில் 1250 ஊற்றியிருக்கிறீர்கள், 350 மில்லி கூடுதல், பிறகு பொங்கல் கஞ்சியாகாமல் என்ன செய்யும்! கப் தொலைந்துபோய்விட்டதென்றால் கவலை இல்லை, எந்தக் குவளையாக இருந்தாலும் அரிசிக்கும் தண்ணீருக்கும் அதே குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாத்திரத்தின் உள்ளே போட்டிருக்கும் 1, 2, 3 கோடுகள் அந்த 180 மில்லிக் கப்புக்குத்தான் பொருந்தும், அதுவும் வெறும் சாதத்துக்கு மட்டும். பொங்கலுக்கு அந்தக் கோட்டைப் பார்க்காதீர்கள்.

வழிந்ததற்குக் காரணம் பருப்பு நுரை. பருப்பும் நிறையத் தண்ணீரும் போகும்போது பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு ஸ்பூன் நெய்யை முதலிலேயே விட்டால் நுரை அடங்கும். அப்புறம், நான்கு பேருக்கு மேல் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசியை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரை அப்படியே இரண்டு மடங்காக்காதீர்கள். ஆவியாகப் போகிற தண்ணீர் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால் அரைக் கப்பாவது குறையுங்கள்.

கேள்வி: அக்கா, நான் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ‘லைட் குக்கிங் மட்டும்’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், எண்ணெய்ப் புகை வரக் கூடாதாம். என்னிடம் இருப்பது ஒரு சின்னக் குக்கர்தான். தினமும் உணவங்காடியில் சாப்பிட்டுச் சலித்துவிட்டது. சாதமும் குழம்பும் ஒன்றாகச் செய்ய வழி உண்டா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: உண்டு தம்பி. நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் இதே ‘லைட் குக்கிங்’ வீட்டில்தான் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே வெங்காயம் வதக்கினாலே அறைக் கதவைத் தட்டுவார்கள்.

சாம்பார் சாதம் செய்யுங்கள். துவரம் பருப்பு வேண்டாம், பிரஷர் இல்லாமல் அது மசிவதற்குள் உங்களுக்குப் பசி மறந்துவிடும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற மைசூர்ப் பருப்பு வாங்குங்கள், லிட்டில் இந்தியாவில், தேக்காவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஊறவைக்கவே தேவையில்லை. ஒரு கப் அரிசி, அரைக் கப் பருப்பு, நாலரைக் கப் தண்ணீர், மஞ்சள் தூள், சாம்பார்ப் பொடி இரண்டு ஸ்பூன், நறுக்கிய கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், ஒரு ஸ்பூன் நெய். எல்லாவற்றையும் போட்டு அழுத்திவிடுங்கள். புளியை மட்டும் போடாதீர்கள்! புளிப்பு இருந்தால் பருப்பு சட்டென்று மசியாது. 25 நிமிடம் கழித்துத் திறந்து, பருப்பு கரைந்திருந்தால், புளிக்கரைசலும் உப்பும் விட்டுக் கிளறி இன்னும் பத்து நிமிடம். டக் சத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள், தளரச் செய்கிற எதிலும் தண்ணீர் மிச்சம் இருக்கும் என்பதால் குக்கர் தானாக நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

தாளிப்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சின்னக் குக்கரில் எண்ணெயைக் காயவைத்தால் கடுகு வெடிப்பதற்கு முன்னாலேயே ஸ்விட்ச் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்குப் போகும்போது கடுகு, பெருங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் தாளித்து ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்கு வரும். அதில் பூண்டு மட்டும் போடாதீர்கள், எண்ணெயில் கிடக்கிற பூண்டில் விஷக் கிருமி வளர வாய்ப்புண்டு. குக்கரோடு ஆவித்தட்டு வந்திருந்தால் வெறும் சாதம் வைக்கிற நாளில் மேலே இரண்டு முட்டையைக் கழுவி வையுங்கள், சாதம் ஆகும்போது அதுவும் வெந்திருக்கும்.

வாசகர் குறிப்பு: நாசி லெமாக்கை என் மலாய்ப் பக்கத்து வீட்டுக்காரர் குக்கரிலேயே செய்வார். இரண்டு கப் தாய்லாந்து மல்லிகை அரிசி, ஒரு கப் தேங்காய்ப்பால், ஒன்றேகால் கப் தண்ணீர், முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு, தட்டிய இஞ்சி, உப்பு. அவ்வளவுதான். மற்ற வாசகர்களுக்கும் சொல்லுங்கள். (கேலாங் சிராய் வாசகி)

பதில்: சொல்லியாயிற்று, செய்தும் பார்த்தாயிற்று. வாசனைக்கு மேல் மாடியில் இருந்து ஆள் வந்தது. ஆனால் நான் பாக்கெட்டில் வரும் கெட்டித் தேங்காய்ப்பாலை அப்படியே ஊற்றிவிட்டேன், ஆவித்துளை வழியாக வெள்ளை நுரை புஸ்ஸென்று பொங்கி வந்தது, அடியும் பழுப்பாகப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் முறை தேங்காய்ப்பாலில் பாதியை மட்டும் தண்ணீரோடு ஊற்றி (குறைந்த அரைக் கப்புக்குக் கால் கப் தண்ணீர் கூடுதலாக), மீதிப் பாதியை டக் சத்தம் வந்ததும் மேலே தெளித்து, முள்கரண்டியால் லேசாகக் கிளறி, மூடிப் பத்து நிமிடம் விட்டேன். மணியாக வந்தது. பிழிந்த தேங்காய்ப்பால் என்றால் உங்கள் முறையே சரி. இலங்கைக்காரர்கள் இதே மாதிரி சாதத்தில் ரம்பை போடுவார்கள், நம் பாண்டான்தான் அது.

கேள்வி: மாமியார் காலையில் வைத்த சாதத்தை இரவு வரை ‘வார்ம்’ போட்டே வைக்கிறார். மின்சாரம் வீண் என்று நான் அணைத்துவிடுகிறேன். யார் சொல்வது சரி? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மாமியார் பக்கம் சாய்கிறேன், கோபிக்காதீர்கள். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகும் சூடு என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது. வார்மில் இருக்கிற சாதம் 60-க்கு மேலே நிற்கும். நீங்கள் அணைத்தால் மூடிய பாத்திரத்தில், நம் ஊர் வெக்கையில், மெதுவாக ஆறி அந்த ஆபத்தான இடத்திலேயே மணிக்கணக்கில் கிடக்கும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சமைத்தாலும் சாகாது, அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஒன்று, வார்மிலேயே வையுங்கள், ஆனால் 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மஞ்சளாகி வாடை வந்துவிடும். இல்லையென்றால் சாப்பிட்டு முடித்ததும் அகலமான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் சாதம், காய் போட்ட சாதம் எதையும் வார்மில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ராஜ்மாவை ராத்திரி வார்மில் போட்டு விட்டால் காலையில் வெந்திருக்குமா? (பிடோக் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அழியும், அரைவேக்காட்டுச் சூட்டில் வாந்தி பேதிதான். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் மெதுவாக வேகவிடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் அதுவே நல்லது.

கேள்வி: மகன் ஜப்பானில் படிக்கிறான், அங்கிருந்து நல்ல குக்கர் ஒன்று கொண்டுவரச் சொல்லட்டுமா? அதைக் கண்டுபிடித்ததே அவர்கள்தானே? (ஆங் மோ கியோ வாசகி)

பதில்: அவர்கள்தான். 1955-இல் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் தானாக நின்றுகொண்ட முதல் மின்குக்கர். வடிவமைத்தவர் மினாமி என்ற சிறு தொழிற்சாலைக்காரர். ஆனால் நாள் தவறாமல் சாதம் வைத்து, நேரத்தையும் சூட்டையும் குறித்துக்கொண்டது அவர் மனைவி ஃபுமிகோ. அதில் வெளிப் பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர் ஊற்றுவார்கள், அது ஆவியாகிப் போக 20 நிமிடம் ஆகும், போனதும் சூடு ஏறி ஸ்விட்ச் நின்றுவிடும். அப்போதும் இதே தண்ணீர்க் கணக்குதான்.

ஆனால் வாங்கிவரச் சொல்லாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அங்கத்திய குக்கரை இங்கே நேராகச் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் மின்சக்தி பாய்ந்து ஒரு நொடியில் புகைந்துவிடும். வெளிநாட்டுக்கென்றே செய்த 220, 230 வோல்ட் மாடல்கள் உண்டு, ஆனால் அதற்கு ஜப்பான்வரை போக வேண்டியதில்லை, இங்கேயே சேஃப்டி மார்க் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் சென்னைக்குப் போகிறேன். கணவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு குறிப்பு சொல்லுங்கள். (பொங்கோல் வாசகி)

பதில்: புளிக்காய்ச்சல் செய்து பாட்டிலில் வைத்துவிட்டுப் போங்கள். சாதம் மட்டும் அவர் வைத்தால் போதும், ஒரு கப் மல்லிகை அரிசிக்கு ஒன்றேகால் கப் தண்ணீர். குக்கர் மூடி மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். முதல் வரி: உள்பாத்திரம் உள்ளே இருக்கிறதா என்று பார். இரண்டாவது வரி: பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துடை. சிரிக்காதீர்கள், உள்பாத்திரத்தைக் கழுவக் கவிழ்த்து வைத்திருந்தது தெரியாமல் அரிசியையும் தண்ணீரையும் நேராகக் குக்கருக்குள்ளேயே கொட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டில் மின்சாரம் போனது, குக்கரும் போனது. அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் தானே கழுவிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.