மிக்கிக்கு ஏன் கையுறை? – வாசகர் கேள்வி பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆசிரியை: அறிவியல் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் பழைய பெயிண்ட் வாளியில் சோயட்ரோப் (சுற்றிவிட்டுத் துளை வழியே பார்த்தால் உள்ளே ஒட்டிய படங்கள் அசைவதுபோல் தெரியும் உருளை) செய்தார்கள். 12 துளை, தென்னை ஏறும் ஆளின் 12 படங்கள். சுற்றிப் பார்த்தால் கலங்கலாக இருக்கிறது, ஆளும் மெலிந்து போகிறார். எங்கே பிழை?

கலங்குவதற்குக் காரணம் துளையின் அகலம். 3 மில்லிமீட்டர் போதும். 5, 6 என்று வெட்டினால் படம் நகர்வதே கண்ணுக்குத் தெரிந்து கோடுகள் இழுபடும். வாளியின் வெளிப்புறத்தைக் கறுப்பாக்குங்கள், உட்புறம் வெள்ளையாக இருக்கட்டும், வெளிச்சம் மேலிருந்து உள்ளே விழட்டும். மலிவான எல்.இ.டி. பல்புகள் நொடிக்கு 100 முறை மினுங்கும்; அதுவும் படத்தைக் கெடுக்கும். சன்னல் வெளிச்சமோ டார்ச்சோ நல்லது.

ஆள் மெலிவது உங்கள் பிழை இல்லை. எதிர்ப்பக்கத்துப் படம் ஒரு திசையிலும் கண் முன்னுள்ள துளை மறு திசையிலும் ஓடுவதால் படம் அகலத்தில் மட்டும் சுருங்கும். தள்ளி நின்று பார்த்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தில் வரையச் சொல்லுங்கள். நொடிக்கு ஒரு சுற்று சரியான வேகம். 12 துளைக்கு 13 படம் ஒட்டினால் ஆள் இடம்விட்டு நகர்ந்துகொண்டே போவார். அடுத்த கண்காட்சியில் செய்து பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வில்லியம் ஹார்னர் 1834-இல் சொன்ன கருவி இது. 1877-இல் பாரிஸின் எமில் ரேனோ துளைக்குப் பதில் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்தார். மெலிவும் இருட்டும் போயின. அதையும் செய்யலாம்: உள்விட்டம் 24 செ.மீ. உள்ள வாளி, அச்சிலிருந்து 6 செ.மீ. தூரத்தில் 12 அக்ரிலிக் கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றும் 3.2 செ.மீ. அகலம். அச்சுக்கும் படத்துக்கும் சரிபாதியில் கண்ணாடி நிற்கவேண்டும். அப்போதுதான் பிம்பம் நட்டநடு அச்சில் விழுந்து அசையாமல் நிற்கும். இந்த அளவு தவறினால் படம் இடவலமாக ஆடும். 1892 அக்டோபர் 28 அன்று ரேனோ நீண்ட படச்சுருளைக் கையால் சுற்றிப் பாரிஸின் கிரெவின் அருங்காட்சியகத்தில் திரையிட்டார். சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் முதல் கட்டணக் காட்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது அது. பிற்காலத்தில் மனம் வெறுத்துத் தம் சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். கார்ட்டூன் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

தக்கலை, கல்லூரி மாணவர்கள்: ஏ4 தாளில் வரைந்து போனில் ஒவ்வொன்றாகப் படமெடுத்தோம். ஓடவிட்டால் எல்லாமே நடுங்குகிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

முதல் சில ஆண்டுகள் அவர்கள் போராடியதே இந்த நடுக்கத்தோடுதான். 1906-இல் ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் வரைந்து அழித்துப் படமெடுத்தார். 1908-இல் பிரான்சின் எமில் கோல் சுமார் 700 படங்களைத் தாளில் வரைந்து, ஒவ்வொன்றையும் இருமுறை எடுத்தார். வின்சர் மெக்கே 1914-இல் கெர்ட்டி என்ற டைனோசரை ஆயிரக்கணக்கான மெல்லிய தாள்களில் வரைந்தபோது, மூலைகளில் பெருக்கல் குறி போட்டு ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினார். மலையும் ஏரியும்கூட ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரையப்பட்டன; அதற்கென்றே ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற உதவியாளர் இருந்தார். எவ்வளவு கவனமான கையானாலும் கோடு மயிரிழை விலகும். கெர்ட்டியின் பின்னணி மெல்ல நடுங்குவதை இன்றும் காணலாம்.

அதே 1914 வாக்கில் இரண்டு தீர்வுகள் வந்தன. ராவுல் பாரே தாளில் துளையிட்டு, பலகையில் நட்ட முளைகளில் மாட்டினார். ஏர்ல் ஹர்ட் பின்னணியை ஒரே முறை வரைந்துவிட்டு, அசையும் உருவத்தை மட்டும் ஒளிபுகும் செல்லுலாய்டு தகட்டில் வரைந்து மேலே வைத்தார். ஹர்டும் ஸ்டூடியோ உரிமையாளர் ஜான் பிரேயும் காப்புரிமைகளை ஒன்றுசேர்த்து, 1932 வரை மற்ற நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கினார்கள்.

நீங்களும் இதையே செய்யுங்கள். அலுவலக பஞ்சிங் மெஷின் 6 மி.மீ. துளைகளை 80 மி.மீ. இடைவெளியில் போடும். அதே இடைவெளியில் பலகையில் இரண்டு மரக்குச்சிகளை நட்டு ஒட்டுங்கள். ஒரே நேரத்தில் மூன்று தாளுக்குமேல் துளைக்காதீர்கள், அடித்தாள் விலகிவிடும். துளை தளர்ந்தால் அந்தத் தாளை நகலெடுத்து மாற்றிவிடுங்கள்.

மழைக்கால நடுக்கத்துக்குத் தாளே காரணம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் தாள் ஈரத்தைக் குடித்து விரியும், அதுவும் இழைக்குக் குறுக்கே அதிகமாக. ஒரே கட்டுத் தாளை, எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி பயன்படுத்துங்கள். 70 கிராம் தாளைவிட 100 கிராம் தாள் நல்லது. வரைந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

அசையாத உருவத்தைத் திரும்பத் திரும்ப நகல் வரையாதீர்கள். பின்னணி ஒரு தாள், ஆள் ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்). கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். அப்போது தூரிகைத் தடம் தெரியாது. ஒவ்வொரு ஷீட்டும் கீழுள்ள நிறத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும். ஒரு காட்சியில் மூன்று ஷீட் இருந்து அடுத்த படத்தில் இரண்டானால் வானமே கண்சிமிட்டும். எண்ணிக்கை குறையும் இடத்தில் வெற்று ஷீட் ஒன்றை வையுங்கள். பழைய ஸ்டூடியோக்களும் இப்படித்தான் செய்தன.

போனில் ஃபோகஸ், வெளிச்சம், வெள்ளைநிறச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் பூட்டுங்கள். சன்னலை மூடி, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். திரையைத் தொட்டால் போன் ஆடும். இயர்போனின் ஒலி பட்டனால் படமெடுக்கலாம்.

குளச்சல் வாசகர்: வினாடி வினாவில் முதல் கார்ட்டூன் பாத்திரம் மிக்கி மவுஸ் என்றார்கள். சரியா?

தவறு. கெர்ட்டியே 1914. ஃபெலிக்ஸ் என்ற கறுப்புப் பூனை 1919-இல் பாட் சல்லிவன் ஸ்டூடியோவிலிருந்து வந்து உலகப்புகழ் பெற்றது. அதை வரைந்தவர் ஆட்டோ மெஸ்மர், ஆனால் வெகுகாலம் திரையில் சல்லிவன் பெயர் மட்டுமே வந்தது. மெஸ்மருக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. 1927-இல் டிஸ்னியும் அவருடைய ஓவியர் அப் ஐவர்க்ஸும் ஆஸ்வால்ட் என்ற முயலை உருவாக்கினார்கள். உரிமை விநியோகஸ்தர் பக்கம் இருந்ததால் 1928-இல் அது கைநழுவியது. அதற்குப் பதிலாகப் பிறந்ததே மிக்கி.

‘ஸ்டீம்போட் வில்லி’ 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் வெளியானது. ஒலியோடு வந்த முதல் கார்ட்டூனும் அது இல்லை. ஃபிளைஷர் சகோதரர்கள் முன்பே செய்திருந்தார்கள். அதன் சிறப்பு தாளக்கணக்கு. நொடிக்கு 24 படம் என்பது நிலையாக இருந்ததால், 12 படத்துக்கு ஒரு தாளத் தட்டு என்றால் நொடிக்கு இரண்டு தட்டு. மெட்ரோனோம் என்ற தாளக்கருவியை வைத்து முன்கூட்டியே கணக்கிட்டு வரைந்தார்கள். முதல் ஒலிப்பதிவில் இசைக்குழு தாளம் தவறியது. பிறகு படத்திலேயே தட்டுக்கான குறியைப் போட்டு, அதைப் பார்த்து இசைக்கவைத்தார்கள்.

குலசேகரம், ஆறாம் வகுப்பு மாணவி: மிக்கிக்கு ஏன் கையுறை? ஏன் நாலு விரல்?

மிக்கியின் உடம்பும் கையும் கறுப்பு. கை நெஞ்சுக்கு நேராக வந்தால் கறுப்பில் கறுப்பு மறைந்துவிடும். அதனால் 1929-இல் வெள்ளைக் கையுறை வந்தது. உடம்பு ஏன் கறுப்பு என்றால், மெஸ்மர் ஃபெலிக்ஸுக்குச் சொன்ன விளக்கமே பொருந்தும்: கோடுகள் குறைவு, முழுக்கறுப்பு உருவம் நன்றாக அசையும். ஐந்து விரல் எலிக்கு வாழைச்சீப்பு போல இருக்கும் என்பது டிஸ்னி சொன்ன காரணம். ஒரு விரல் குறைந்தால் வேலையும் மிச்சம். காதுகளைப் பார், மிக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டம்தான்!

நாகர்கோவில் வாசகர்: டாம் அண்ட் ஜெர்ரிக்கு வேறு பெயர் இருந்ததா?

1940-இல் வந்த முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். இந்த இணைக்கு ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

கருங்கல் வாசகர்: இந்தியாவில் கார்ட்டூன் படம் எப்போது வந்தது?

1934-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் ‘பீ பிரதர்ஸ்’ என்ற குறும்படத்தை வெளியிட்டது. முறையான பயிற்சி 1956-இல் வந்தது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அரசின் பட நிறுவனமான பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகன். அடுத்த ஆண்டே அங்கிருந்து ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) ஒன்றை வைத்து ‘பனியன் டீர்’ வெளிவந்தது.