ஒத்து ஊதுதல்

அன்புள்ள ஐயா,

மேலாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஒருவரை எங்கள் அலுவலகத்தில் ‘ஒத்தூதி’ என்போம். ‘ஒத்துக்கொள்வது’ என்பதிலிருந்து வந்த சொல் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு வாத்தியத்தின் பெயர் என்கிறார் நண்பர். எது சரி?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஒத்து என்பது நாகஸ்வரத்துக்கு, அதாவது நாயனத்துக்கு, சுருதி கொடுக்கும் குழல். பார்க்க நாயனம் போலவே இருக்கும், சீவாளி என்னும் ஊதுவாய் வைத்துத்தான் ஊதுவார்கள். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அப்புறம் கடைசிவரை அந்த ஒரே ஸ்வரம்தான்.

நாயனக்காரர் எந்த ராகத்தை எடுத்தாலும் பக்கத்தில் நின்று ஒத்துக்காரர் ஊதிக்கொண்டே இருப்பார் இல்லையா? அதைப் பார்த்துத்தான் ‘அவன் சொல்வதற்கெல்லாம் இவன் ஒத்து ஊதுகிறான்’ என்ற பேச்சு வந்தது. ஒத்துப்போவது என்ற பொருளும் சேர்ந்தே காதில் விழுவதால் வசவு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஜால்ரா, பின்பாட்டு எல்லாம் இதே வழியில் வந்தவைதான். மேடையில் பக்கத்தில் நின்று உழைப்பவர்களின் வேலையாகப் பார்த்து வசவாக்கியிருக்கிறோம்.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயில் புறப்பாட்டில் ஒத்துக்காரரை ஒட்டியே நடந்திருக்கிறேன். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். அங்கே தேக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார். ஒலி ஓரிடத்திலும் அறாது. நாயனக்காரர் துண்டால் முகம் துடைப்பார், சீவாளியை மாற்றுவார், தவிலுக்கு விட்டுவிட்டுச் சற்று நிற்பார். ஒத்துக்காரர் மட்டும், சாமி நாலு வீதியும் சுற்றி வரும்வரை, ஊதிக்கொண்டே வருவார். கழுத்து நரம்பு புடைத்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒத்துக்காரர் நாயனக்காரரின் பின்னால் ஓடுகிறவர் இல்லை. நாயனம்தான் அவருடைய சுருதியைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டு அங்கேயே திரும்பி வருகிறது. நாயனம் சுருதி விலகினாலும் அவர் விலகக் கூடாது. மேலாளர் பேச்சை மாற்றினால் தானும் மாற்றிக்கொள்கிறவரை எப்படி ஒத்தூதி என்பது? அவருக்கு ‘ஆமாம்சாமி’ போதும்.

இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஆனாலும் எங்காவது ஒரு புறப்பாட்டில் ஒத்து ஊதுகிறார்கள் என்று தெரிந்தால், கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நடந்து பாருங்கள்.