கேக் மேல் உட்கார்ந்த யானை ஏன் சாய்கிறது?

மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயை உருக்கி, ரைஸ் கிறிஸ்பீஸ் என்ற பொரியரிசிச் சீரியலைச் (காலை உணவுத் தானியம்) சேர்த்துப் பிடிக்கும் கேக் உருவங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாள் கேக்குக்கு உட்கார்ந்த யானை ஒன்று செய்தேன். ராத்திரி படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் தலை நெஞ்சில் சரிந்து, தும்பிக்கை பிய்ந்து கிடந்தது. வழக்கமாகச் சொல்லும் அளவைத்தான் போட்டேன். எங்கே தப்பு?
– வாசகி, தாம்பரம்

பதில்: அந்த அளவேதான் தப்பு. 6 கப் சீரியல், 280 கிராம் மார்ஷ்மெல்லோ, 3 மேசைக்கரண்டி வெண்ணெய் என்பது தின்பதற்கான கணக்கு. வாயில் மெத்தென்று இருக்க வைக்கும் அதே வெண்ணெய்தான் உருவத்தை நிற்கவிடாமல் இளக்குகிறது. உருவம் பிடிக்க 1 மேசைக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை. சீரியலும் மார்ஷ்மெல்லோவும் அதே அளவு இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ஏறக்குறைய ஓர் உரித்த தேங்காய் அளவு உருண்டை கிடைக்கும். உங்கள் யானைக்கு எத்தனை மடங்கு வேண்டும் என்பதை இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மார்ஷ்மெல்லோவைப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கடைசிக் கட்டி கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் அதிலிருக்கும் தண்ணீர் வற்றிப் பாகு முற்றிவிடும். அப்புறம் அது கமர்கட்தான். பிடிக்கவும் வராது, கடிக்கவும் வராது. நிறம் வேண்டுமென்றால் சீரியல் கொட்டுவதற்கு முன்பே ஜெல் வண்ணமாகச் சேருங்கள். நீர்த்த வண்ணம் சீரியலை நமுக்க வைத்துவிடும்.

அடுத்து, அழுத்தம். பெரும்பாலான யானைகள் இங்கேதான் விழுகின்றன. கை பொறுக்கும் சூடு வந்ததும் (2, 3 நிமிடம் ஆகும்) உள்ளங்கையில் லேசாக வனஸ்பதி தடவிக்கொண்டு அழுத்திப் பிடியுங்கள். பொரி உருண்டைக்குப் பிடிக்கும் அழுத்தம் போதாது, பொருள்விளங்கா உருண்டைக்குப் பிடிக்கிற அழுத்தம் வேண்டும். பிடித்து முடித்ததும் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ராத்திரியில் அந்தக் காற்றிடைவெளிக்குள்தான் உருவம் மெல்ல இறங்கும். தண்ணீர் தொட்டுப் பிடிக்க வேண்டாம், ஈரம் பட்ட இடம் தொளதொளத்துப் போகும். பாதியில் இறுகிவிட்டால் மைக்ரோவேவில் 5 முதல் 10 விநாடி வைத்தால் மறுபடி வளையும்.

உட்கார்ந்த உருவத்துக்கு முதுகெலும்பு கட்டாயம். உருவம் நிற்கப்போகும் பலகையில் துளை போட்டு 6 மி.மீ. மரக்குச்சியை நட்டு, உடலை அதைச் சுற்றிப் பிடியுங்கள். குச்சியின் மேல்நுனி தலைக்குள் பாதி வரை ஏற வேண்டும். உடல் முழுக்க ஆறி இறுகிய பிறகுதான் தலையைச் செருக வேண்டும். சூடான கழுத்தில் வைத்த தலை எப்படியும் சரியும். கழுத்தில் ஒட்டுவதற்கு உருக்கிய சாக்லேட் போதும். காதும் தும்பிக்கையும் சீரியலில் வேண்டவே வேண்டாம். 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு (கேக் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) 1 தேக்கரண்டி சி.எம்.சி. பொடி (அதை இறுக வைக்கும் பொடி) பிசைந்து, தனியாகச் செய்து காயவைத்து ஒட்டுங்கள். தும்பிக்கையை அந்தரத்தில் தொங்கவிடாமல் வயிற்றோடு ஒட்டிச் சுருட்டிவிட்டால் பாதி கவலை போச்சு.

கடைசியாக, கிளிங் ஃபிலிம் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, ஃபிரிட்ஜில் வைக்காமல் ஓர் இரவு நிற்க வையுங்கள். சரிய வேண்டியது அந்த இரவிலேயே சரிந்துவிடும். ஃபாண்டன்ட் போட்ட பிறகு சரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: எவ்வளவு திருத்தினாலும் ஃபாண்டன்ட் போர்த்தியதும் அம்மை போட்ட மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. தடிமனாகப் போட்டால் சரியாகுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆகாது. கனத்தில் அது கீழே இழுபட்டுக் கால்பக்கம் மடிப்பு விழும். 3, 4 மி.மீ. தடிமனே சரி. மேற்பரப்பைச் சரிசெய்யும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

உள்கூட்டுக்குச் சீரியலை முழுசாகப் போடலாம். வெளிப்பக்கத்துக்கு மட்டும் கையால் ரவை பருமனுக்கு நொறுக்கி, அதே மார்ஷ்மெல்லோவில் கலந்து அரை செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். இறுகியதும் ரம்பப்பல் கத்தியால் செதுக்குங்கள். அதன்மேல் சாக்லேட் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) இரண்டு தடவை பூச வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு, டார்க் சாக்லேட் என்றால் 2 பங்குக்கு 1 பங்கு கிரீம், வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1 பங்கு. முதல் பூச்சு குழிகளை அடைப்பதற்கு. அது இறுகியபின் இரண்டாவது தடவை பூசி, வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வழவழப்பாக்குங்கள். ராயல் ஐசிங்கும் (முட்டை வெள்ளையும் சர்க்கரைப் பொடியும் கலந்த பூச்சு) நன்றாகக் காயும், ஆனால் உருவத்தைத் தூக்கி வைக்கும்போது விரிசல் விடும். பட்டர்கிரீமை இந்த வேலைக்கு நம்ப முடியாது. அறை சூடானால் ஃபாண்டன்ட்டோடு சேர்ந்து வழுக்கும்.

கனாஷ் இறுகியதும் வனஸ்பதியை மிக லேசாகத் தடவிவிட்டுப் போர்த்துங்கள். கனாஷும் ஃபாண்டன்ட்டும் சேர்ந்து எல்லாப் பக்கமும் அரை செ.மீ. பெருக்கும். எனவே 12 செ.மீ. பந்து வேண்டுமென்றால் 11 செ.மீ.க்கே பிடியுங்கள். முகம் உள்ள உருவங்களில் இதை மறந்தால் கன்னம் உப்பி, கண் உள்ளே போய்விடும்.

கேள்வி: இறக்குமதி சீரியல் விலை கட்டுப்படியாகவில்லை. நம்மூர்ப் பொரியில் செய்தால் என்ன?
– வாசகி, மதுரை

பதில்: சின்ன உருவத்துக்குச் செய்யலாம், பெரியதற்கு வேண்டாம். இரண்டும் அரிசிதான் என்றாலும் குணம் வேறு. பொரி பெரியது, உள்ளே வெறும் காற்று. அழுத்தினால் நொறுங்கும், கடற்கரை ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் நமுத்தும் போகும். ரைஸ் கிறிஸ்பீஸ் சின்னது, மொறுமொறுப்பானது. 1928-இல் சந்தைக்கு வந்த அந்தச் சீரியலை மார்ஷ்மெல்லோவோடு சேர்த்துப் பிடித்தவர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் நகரில் இருந்த கெலாக் நிறுவனத்தில் வேலை பார்த்த மில்ட்ரெட் டேயும் மலிட்டா ஜென்சனும். ஆண்டு 1939. கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் என்ற சிறுமியர் அமைப்பின் நிதி திரட்டலுக்காகச் செய்த தின்பண்டம் அது. வெல்லப் பாகில் பொரி பிடித்துக் கார்த்திகைக்குப் படைக்கும் நமக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பொரிதான் என்று முடிவு செய்தால், வெறும் வாணலியில் 4, 5 நிமிடம் வறுத்து, ஆறவிட்டு, கையால் கொஞ்சம் நொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கைக்குள் அடங்கும் உருவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; பிடித்த அன்றே கனாஷ் பூசி மூடிவிடுங்கள். உப்புப் பொரியாக இருந்தால் சலித்து உப்பை உதறிவிட வேண்டும்.

கேள்வி: ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவில் வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கேக் கொடுப்பதானால் இது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விதான். சாதாரண மார்ஷ்மெல்லோவில் இருப்பது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். பச்சைப் புள்ளி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடல்பாசிப் பொருள் சேர்த்தவை ஜெலட்டினைப் போல இளகாது. அப்படி ஒரு கடல்பாசிப் பொருளான அகர் அகர் கரைய 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், ஆறும்போது ஜெலட்டினைவிடச் சீக்கிரம் உறைந்தும் விடும். 1 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி உருக்குங்கள். ஒரு முறைக்கு 100 கிராமுக்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி செய்து பார்த்துவிட்டுப் பெரிய உருவத்தில் இறங்குங்கள்.

கேள்வி: முன்கூட்டியே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். நன்றாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில் 3, 4 நாள் வெளியிலேயே வைக்கலாம். ஏ.சி. அறை இருந்தால் நல்லது.

கேள்வி: யானையை நேரே கேக் மேல் வைக்கலாமா? எடை குறைவு என்கிறார்களே?
– வாசகி, சேலம்

பதில்: அழுத்திப் பிடித்த உருவம் அப்படியொன்றும் லேசானதில்லை. ஒரு மடங்கே அரைக் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறையும், கனாஷும் ஃபாண்டன்ட்டும் தனிக் கணக்கு. உருவத்தைத் தனி மெல்லிய பலகையில் நிறுத்தி, அந்தப் பலகையைத் தாங்கக் கேக்குக்குள் கேக் உயரத்துக்கே வெட்டிய 4 தடித்த குழல்களை இறக்குங்கள். யாரும் சாப்பிடப் போவதில்லை, காட்சிக்கு மட்டும்தான் என்றால் தெர்மாகோலில் செதுக்கிவிடலாம், தப்பே இல்லை. சாப்பிடக் கொடுப்பதானால், உள்ளே எத்தனை குச்சி, எங்கெங்கே என்று ஒரு சீட்டில் எழுதிக் கேக் பெட்டிமேல் ஒட்டிக் கொடுங்கள். பல் குத்தும் குச்சியை மட்டும் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாது, குழந்தையின் வாயில்தான் தெரியும்.