போலந்துத் திருமணத்துக்கு விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் "துணையுடன்" என்று போலிஷில் போட்டிருக்கிறது. குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா, அக்கா?

வேண்டாம். அந்த வரி உங்களையும் இன்னும் ஒருவரையும் மட்டுமே குறிக்கும். குழந்தைகளையும் அழைத்திருந்தால் அது தனியாக எழுதப்பட்டிருக்கும். மண்டபத்தில் தலைக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம், பெரும்பாலும் இருக்கையில் பெயர் அட்டையும் வைத்துவிடுவார்கள். அழைப்பிதழின் கீழே கடைசித் தேதி இருக்கும். வருகிறீர்களோ இல்லையோ, அதற்குள் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: தேவாலயமும் நேரமும் மட்டும் இருந்து மண்டபத்தின் பெயர் இல்லாவிட்டால், அது சடங்குக்கான அறிவிப்பு மட்டுமே. விருந்துக்கு உங்களை எதிர்பார்க்கவில்லை என்று பொருள்.

எவ்வளவு மொய் வைக்க வேண்டும்?

உறையில் வாழ்த்து அட்டையோடு பணம் வைப்பதுதான் வழக்கம். ஒரு ஆளுக்கு மண்டபத்தில் ஆகும் சாப்பாட்டுச் செலவையாவது ஈடுகட்ட வேண்டும் என்பது அங்கே எழுதாத கணக்கு. நகரத்துக்கு நகரம் தொகை மாறும் என்பதால், அதே திருமணத்துக்குப் போகும் போலிஷ் நண்பரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. இருவராகப் போனால் இருவருக்கும் சேர்த்து வையுங்கள். பணம் ஸ்லோட்டியில் இருக்கட்டும். போலந்தில் யூரோ புழக்கத்தில் இல்லை. அட்டையில் உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், உறைகளைப் பிறகுதான் பிரிப்பார்கள்.

பூ வாங்கினால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்குங்கள். இரட்டைப்படை அங்கே இறப்புச் சடங்குக்கு உரியது. இப்போது பல ஜோடிகள் பூவுக்குப் பதில் ஒயின் பாட்டிலோ புத்தகமோ கேட்கிறார்கள். அந்தக் குறிப்பு அழைப்பிதழிலேயே இருக்கும்.

பட்டுச் சேலை கட்டலாமா?

தாராளமாக. வெள்ளை, தந்த நிறம், வெளிர் சந்தன நிறம் மட்டும் வேண்டாம். அவை மணப்பெண்ணுக்கு உரியவை. தேவாலயத்தில் தோளை மூடிக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ஆட வேண்டியிருக்கும், அதனால் முந்தானையை நன்றாகப் பின் குத்துங்கள், தட்டையான செருப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு கோட் சூட், டை.

நான் கத்தோலிக்கர் இல்லை. பூசையில் என்ன செய்வது?

சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மற்றவர்கள் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள், மண்டியிட வேண்டியதில்லை. நற்கருணை, அதாவது பாதிரியார் தரும் புனித அப்பம், வாங்க வரிசையில் போகாதீர்கள். நடுவில் பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார்கள் அல்லது கை நீட்டுவார்கள். அது சமாதான வாழ்த்து, நீங்களும் திருப்பிச் செய்யுங்கள். வெளியே வந்ததும் அரிசியும் சில்லறைக் காசும் தூவுவார்கள், காசை மணமக்களே குனிந்து பொறுக்குவார்கள். பிறகு எல்லோரும் வரிசையில் நின்று வாழ்த்துச் சொல்வார்கள். உறையை அங்கேயே கொடுக்கலாம்.

வோட்காவுக்குத்தான் பயமாக இருக்கிறது. மறுத்தால் கோபித்துக்கொள்வார்களா?

மாட்டார்கள், ஆனால் முதல் சுற்றிலேயே மறுக்க வேண்டும். மூன்று குடித்துவிட்டு நான்காவதை மறுத்தால்தான் வற்புறுத்தல் தொடங்கும். "வண்டி ஓட்டுகிறேன்", "மருந்து சாப்பிடுகிறேன்" இரண்டும் யாரும் எதிர்த்துப் பேசாத காரணங்கள். கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து உயர்த்துங்கள். அதில் கலந்துகொள்வதுதான் முக்கியம்.

குடிப்பவர்களுக்கு: கோப்பை சிறியது, 40 முதல் 50 மில்லிலிட்டர். ஒரே மடக்கில் குடிப்பார்கள், காலியானதும் நிரப்புவார்கள். பெரியவர் ஒருவருக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டே பலர் வாங்கி வைக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தாளிகள் தடுமாறுவது ஒரே காரணத்தால்தான்: முதல் சூப்போடு வயிறு நிறைந்துவிட்டது என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு, குடிப்பதை மட்டும் தொடர்கிறார்கள். போலந்துக்காரர்கள் ஒவ்வொரு கோப்பைக்கும் பின்னால் ஏதாவது கடிக்கிறார்கள், ஊறுகாய் வெள்ளரியோ மீனோ. இரவு முழுக்கச் சூடான உணவு பல முறை வருவதும் அதற்காகத்தான். முதலில் ரொசூ என்ற நூடுல்ஸ் போட்ட கோழி சூப், பிறகு இறைச்சி, நள்ளிரவை ஒட்டிப் பெரும்பாலும் பார்ஷ்ச் என்ற பீட்ரூட் சூப். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக எடுங்கள்.

"கோஷ்கோ! கோஷ்கோ!" ("கசக்கிறது!") என்று கூட்டம் கத்தினால் மணமக்கள் எழுந்து முத்தமிட வேண்டும். நீங்களும் சேர்ந்து கத்தலாம்.

சைவம் சாப்பிடுகிறேன். பட்டினி கிடக்க வேண்டுமா?

வருகையை உறுதி செய்யும்போதே சொன்னால் தனித் தட்டு வரும். "இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீன் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ரொட்டிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கும் வெள்ளைப் பூச்சு வெண்ணெய் இல்லை, ஸ்மாலெத்ஸ் என்ற பன்றிக் கொழுப்பு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்த, பியெரோகி என்ற கொழுக்கட்டை போன்ற பண்டத்துக்கு மேலே பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவுவது உண்டு. பீட்ரூட் சூப்பை இறைச்சிச் சாற்றில் செய்வதும் உண்டு, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பத்து மணிக்குக் கிளம்பினால் தவறா?

உடம்பு முடியவில்லை என்றால் தவறில்லை. முடிந்தால் நள்ளிரவு வரை இருங்கள். அப்போதுதான் ஒச்செபினி: மணப்பெண்ணின் முக்காட்டை எடுக்கும் சடங்கு. முக்காட்டையோ பூச்செண்டையோ மணமாகாத பெண்கள் பக்கமும், மாப்பிள்ளையின் டையை ஆண்கள் பக்கமும் எறிவார்கள். நீங்கள் தனியாள் என்றால் மேடைக்கு இழுத்துப் போவார்கள். அவற்றைப் பிடித்த பெண்ணும் டையைப் பிடித்த ஆணும் சேர்ந்து ஒரு நடனம் ஆட வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு விளையாட்டுகள். ஆட்டம் விடியும்வரைகூடப் போகும்.

மறுநாளும் வரச் சொல்கிறார்கள். உண்மையாகவே சொல்கிறார்களா?

ஆமாம். அது பொப்ராவினி, ஞாயிற்றுக்கிழமை விருந்து. எல்லாத் திருமணத்திலும் இருக்காது. அழைத்தால் போங்கள், சாதாரண நல்ல உடை போதும், மறுபடி மொய் வேண்டாம். ஆனால் காரை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். போலந்தில் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.2 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம், 0.5 கிராமைத் தாண்டினால் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதிகாலை வரை குடித்தவருக்கு மறுநாள் மதியமும் அளவு இறங்காமல் இருக்கலாம். கிராமத்து மண்டபங்களுக்கு டாக்சி எளிதில் வராது; பெரும்பாலும் ஹோட்டலிலிருந்து விருந்தாளிகளுக்கென்று பஸ் விடுவார்கள், அது கிளம்பும் நேரத்தை முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.